ஜைனிமேட்டுத் தராசில் ஜிம் படங்கள்

2025 ஜனவரியில் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் ஷேப்' என்ற பெயரில் 50 ஜிம்களில் சோதனை நடத்தியது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகள் அங்கே சிக்கின. இப்படி ஒரு செய்தி வந்தால், தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையானாலும் குமுளியானாலும், இரும்பு தூக்கும் இளைஞர்களிடம் பேச்சு இரண்டாகப் பிரியும். ஸ்டீராய்டு என்றாலே எமன் என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் மீடியா கிளப்பிவிடுற பயம் மாஸ்டர், அந்த அமெரிக்கப் படத்தைப் பாருங்க" என்பது மறு கட்சி.

அந்தப் படம், கிறிஸ் பெல் 2008இல் எடுத்த 'பிக்கர், ஸ்ட்ராங்கர், ஃபாஸ்டர்' என்ற ஆவணப்படம். பெல்லின் சகோதரர்கள் இருவருமே ஸ்டீராய்டு எடுத்தவர்கள். வீட்டுக்குள்ளேயே கேமராவைத் திருப்பி, அம்மாவின் கண்ணீர்வரை காட்டுகிறார். ஒரு காட்சி மறக்க முடியாதது. ஒரே நாளில் எடுத்த இரண்டு புகைப்படங்களைத் திருத்தி, 'முன்', 'பின்' என்று போட்டு, சத்து மாத்திரை விளம்பரம் எப்படித் தயாராகிறது என்று அவர் செய்தே காட்டிவிடுகிறார். டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்கும் எந்தப் பையனும் பார்க்க வேண்டிய ஐந்து நிமிடம் அது.

ஆனால் அதே படம், ஸ்டீராய்டின் ஆபத்தை ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள் என்றும் வாதாடுகிறது. டெக்ஸாஸில் 2003இல் 17 வயது மாணவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். காரணம் ஸ்டீராய்டுதான் என்கிறார் தந்தை. பையன் மனச்சோர்வுக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தானே என்று படம் திருப்பிக் கேட்கிறது. கேள்வி நியாயமானதுதான். மகனை இழந்தவரை வைத்துக்கொண்டு கேட்டது நியாயமா என்று பார்ப்பவர் மனம் தடுமாறும்.

ஒரு பக்கம் சாய்ந்த பேச்சு எப்போது பொய்யாகிறது? இந்தக் கேள்வியை சமணர் அளவுக்குத் துருவிப் பார்த்தவர்கள் குறைவு. பாலக்காடு நகரத்திலேயே ஜைனிமேட்டில் அவர்களுடைய பழைய கருங்கல் கோயில் இருக்கிறது. சமணத்தின் அநேகாந்தவாதப்படி, எந்தப் பொருளுக்கும் பல முகங்கள் உண்டு. மனிதன் வாய் திறந்தால் அவற்றில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். அப்படி ஒரு முகத்தைச் சொல்வது நயம், அது குற்றமில்லை. மற்ற முகங்களே கிடையாது என்று சாதித்தால் அது துர்நயம். ஒவ்வொரு நயமும் தன் எல்லைக்குள் மெய், பிறவற்றை மறுக்கப் புகும்போது பொய் என்கிறார் சித்தசேன திவாகரர்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், மாட்டிக்கொள்வது பெல்லின் படமல்ல. 1977இல் வந்த 'பம்பிங் அயர்ன்'. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் 1975இல் நடந்த மிஸ்டர் ஒலிம்பியா உடற்கட்டுப் போட்டியைச் சுற்றிய ஆவணப்படம் அது. அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அதில் வாதமே கிடையாது, பிரச்சாரமும் கிடையாது. ஸ்டீராய்டு என்ற பேச்சும் கிடையாது. அந்தக் காலத்தில் தானும் எடுத்ததை அர்னால்ட் பின்னாளில் ஒப்புக்கொண்டார். போட்டிக்காகத் தந்தையின் இறுதிச் சடங்குக்கே போகவில்லை என்று படத்தில் சொன்ன கதையும் கட்டுக்கதை என்று அவரே சொல்லிவிட்டார். உழைப்பும் வைராக்கியமும் இருந்தால் போதும், இந்த உடம்பு வந்துவிடும் என்று அந்தப் படத்தை நம்பியவர்கள் எத்தனை பேர்! சார்பு வெளியே தெரிந்தால் பார்ப்பவன் சுதாரித்துக்கொள்வான். பேசாமல் விட்டதை அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

பெல் அப்படி எதையும் ஒளிக்கவில்லை. தன் குடும்பம், தன் ஆசை, தன் குழப்பம் எல்லாவற்றையும் முதலிலேயே மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வாதாடுகிறார். ஆகவே அது நேர்மையான படம். ஆனால் அதன் முடிவு இன்றைக்குச் செல்லாது. டென்மார்க்கில் ஜிம் சோதனைகளில் ஸ்டீராய்டுக்காகப் பிடிபட்ட 1,189 ஆண்களைச் சராசரியாக 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2024இல் வெளியானது. அதே வயதுடைய மற்ற ஆண்களைவிட அவர்கள் இறக்கும் ஆபத்து 2.8 மடங்கு. இதய நோய்களும் கூடுதல் என்று பின்னர் வந்த ஆய்வு சொன்னது. 2008இல் பெல்லின் கையில் இந்தக் கணக்கு இல்லை. நேர்மையாகச் சொன்னது தவறாகப் போவதும் உண்டு. அதைச் சார்பு என்று சொல்வது தகாது.

ஸ்டீராய்டை எமன் என்னும் கட்சிக்கும் இதே அளவுகோல்தான். பருவமடைவது தாமதமாகும் பையன்களுக்கும், ஹார்மோன் சுரக்காத ஆண்களுக்கும் மருத்துவர்கள் டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கிறார்கள். இதைச் சொல்லாமல் ஊசியையும் பிணத்தையும் மட்டும் மாற்றி மாற்றிக் காட்டும் எச்சரிக்கைப் படமும் துர்நயமே. அதற்கு ஒரு கேடும் உண்டு. மூன்று மாதம் ஊசி போட்டும் எதுவும் ஆகாத பையன், படம் சொன்ன எல்லாமே பொய் என்று முடிவு கட்டிவிடுகிறான். விதை சுருங்குவதும் விந்தணு குறைவதும் இதயத் தசை தடிப்பதும் கண்ணாடியில் தெரிவதில்லை.

இப்போது படத்தை முழுதாகப் பார்ப்பவர்களும் அருகிவிட்டார்கள். ஒன்றே முக்கால் மணி நேரப் படத்திலிருந்து தனக்குப் பிடித்த அரை நிமிடத்தை வெட்டி போனில் அனுப்பினால், எடுத்தவர் எவ்வளவு நேர்மையாக எடுத்திருந்தாலும் அது துர்நயமாகிவிடும்.

திருவனந்தபுரத்தில் 2008 முதல் சர்வதேச ஆவணப்பட விழா நடக்கிறது. அங்கே படம் கொண்டுபோகும் இளைஞர்கள் யாராவது கேமராவோடு இந்த எல்லையோர ஜிம்களுக்கு வர வேண்டும். ஊசி போடுகிறவன், போட்டு நிறுத்தியவன், மெடிக்கல் ஷாப்காரர், போட்டி நடுவர், ஹார்மோன் மருத்துவர் எல்லோரையும் பேசவிட்டு, தமிழும் மலையாளமும் கலந்தே ஒரு படம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. என்ன மருந்து, எவ்வளவு நாள் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லி, ரத்தத்தையும் இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.