வேலையாளை எடைபோடும் நிரலும் சட்டமும்

ஆள் எடுப்பது, வேலையைப் பகிர்ந்து கொடுப்பது, உழைப்பைக் கண்காணிப்பது, பதவி உயர்வு, பணிநீக்கம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் மென்பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ‘உயர் ஆபத்து’ வகையில் வைக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம் கட்டம் கட்டமாகவே செயலாகிறது. பணியிடத்தில் ஊழியரின் முகத்தையும் குரலையும் வைத்து மனநிலையைக் கணிக்கும் கருவிகள் 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்யப்பட்டன. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தடையை மீறும் நிறுவனத்துக்கு 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். சென்னையில் எழுதப்பட்ட மென்பொருளானாலும் ஐரோப்பியச் சந்தையில் விற்கப்பட்டால் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே.

இத்தனை கடுமைக்கும் அடியில் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் முடிவுக்கு, அவர் முன் நின்று பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? கணிப்பு எவ்வளவு துல்லியம் என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

இத்தாலியின் பொலோன்யா நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று அளித்த தீர்ப்பில் இந்தக் கேள்வி கூர்மையாக வெளிப்பட்டது. உணவு டெலிவரி நிறுவனமான டெலிவெரூ, ஷிஃப்ட் ஒதுக்க ‘ஃபிராங்க்’ என்ற நிரலைப் பயன்படுத்தி வந்தது. ஒப்புக்கொண்ட ஷிஃப்டுக்கு வராதவருக்கும், 24 மணி நேரத்துக்கும் குறைவான அவகாசத்தில் அதை ரத்து செய்தவருக்கும் நம்பகத்தன்மைப் புள்ளி குறையும். புள்ளி மிகுந்தவர்கள் முற்பகல் 11 மணிக்கே வரும் நாட்களின் ஷிஃப்டுகளைப் பிடித்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குப் பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும்தான் வாய்ப்பு வரும். அதற்குள் நல்ல நேரங்கள் போயிருக்கும். காய்ச்சலில் படுத்தவர், வேலைநிறுத்தம் செய்தவர், மனமில்லாமல் வராதவர் எல்லோரும் அந்த நிரலுக்கு ஒன்றே. வேலைநிறுத்தம் இத்தாலிய அரசியலமைப்பு தந்த உரிமை. அதைப் பயன்படுத்தியவரை, அவர் ஏன் வரவில்லை என்று கேட்காமலேயே ஃபிராங்க் பின்வரிசைக்குத் தள்ளியது. நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்றே சொன்னது. வன்மம் கொண்ட மேலாளர் ஒருவர்கூட இல்லாமல் இந்த அநீதி நடந்தது. காரணம் கேட்கும் வழியை நிரலில் வைக்காமல் விட்டவர்கள் மனிதர்கள்தான், பொறுப்பும் அவர்களுடையதே.

மனித மேலாளர் மட்டும் நியாயவானா என்று கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். அது நேர்மையான கேள்வி. சாதி, நிறம், பால், ஊர், உறவு என்று மனிதர்கள் பார்த்த பாரபட்சத்துக்குக் கணக்கில்லை. நன்றாக வடிவமைத்த கருவி அதைக் குறைக்கவும் கூடும். ஆனால் பழைய தேர்வுகளிலிருந்து கற்கும் கருவி பழைய பாரபட்சத்தையும் சேர்த்தே கற்கிறது. அமேசான் சோதித்துப் பார்த்த ஆள்தேர்வு மென்பொருள் பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியதையும், அந்நிறுவனம் அதைக் கைவிட்டதையும் 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. மேலும், ஒரு மேலாளரின் வெறுப்பு அவருடைய அலுவலகத்தோடு முடிந்துவிடும். அவரால் மறுக்கப்பட்டவர் அடுத்த தெருவில் வேலை தேடலாம். பல நிறுவனங்கள் ஒரே மென்பொருளை வாங்கினால், அதன் ஒரு பிழை அதே மனிதருக்கு எல்லா வாசலையும் அடைத்துவிடும். அரசு தலையிடுவதற்கு இதைவிட வலுவான நியாயம் தேவையில்லை.

மனிதர் மேற்பார்வை வேண்டும் என்று சட்டம் சொல்வது சரியே. அந்த மேற்பார்வை வெறும் கையெழுத்தாகிவிடக் கூடாது. ஊபர் ஓட்டுநர்கள் சிலர் பணியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கில், 2023 ஏப்ரல் 4 அன்று ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் கண்டது: தானியங்கி முடிவில் மனிதர் தலையிட்டதாக நிறுவனம் சொன்னது ஒரு சடங்குக்கு மேல் ஏதுமில்லை. திரையில் வரும் பரிந்துரையை மறுக்க நேரமும் அதிகாரமும் அறிவும் இல்லாத அதிகாரி, நிரலின் கையாளாகவே இருப்பார். கருவி சொல்வதை அப்படியே நம்பிவிடும் மனப்போக்கையும் மேற்பார்வையாளர் உணர்ந்திருக்க வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவுச் சட்டம் வெளிப்படையாகவே கேட்கிறது. செயலி வழித் தொழிலாளர்களுக்கான 2024ஆம் ஆண்டு ஒன்றிய ஆணை இன்னும் தெளிவானது: கணக்கை முடக்குவதையோ ஒப்பந்தத்தை முறிப்பதையோ மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். உறுப்பு நாடுகள் இதை 2026 டிசம்பர் 2க்குள் தம் சட்டங்களில் சேர்க்க வேண்டும்.

செலவும் காலமும் பிடிக்கும் என்ற முறையீடு பொய்யல்ல. சிறு நிறுவனங்களுக்கு ஆவணச் சுமை உண்மையிலேயே பெரிது. உயர் ஆபத்து விதிகள் 2026 ஆகஸ்டில் செயலாகும் என்று சட்டம் முதலில் குறித்திருந்தது. அதைத் தள்ளிவைக்க ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் முன்மொழிந்தது. தள்ளிவைக்கும் ஒவ்வொரு மாதத்தின் விலையையும் கொடுப்பவர், காரணம் தெரியாமல் நிராகரிக்கப்படும் விண்ணப்பதாரர். ஆவணச் சுமையைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. அவருடைய பாதுகாப்பைக் குறைத்து அதைச் செய்வது முறையன்று.

சட்டத்தின் பெரிய குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. உயர் ஆபத்துக் கருவியைப் பணியிடத்தில் இயக்குமுன் தொழிலாளர்களுக்கும் அவர்களின் பிரதிநிதிகளுக்கும் நிர்வாகம் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர்களின் சம்மதம் வேண்டும் என்று சொல்லவில்லை. முடிவால் பாதிக்கப்பட்டவர் பிற்பாடு விளக்கம் கேட்கலாம், ஆனால் அதற்குள் வேலை போயிருக்கும். ஸ்பெயின் 2021இல் இயற்றிய சட்டப்படி, பணிநிலையைப் பாதிக்கும் நிரல்கள் எந்த அளவுகோல்களில் இயங்குகின்றன என்பதைத் தொழிலாளர் குழுவிடம் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் ஊழியரைக் கண்காணிக்கும் தொழில்நுட்பத்தைப் புகுத்துமுன் பணியாளர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஏற்பாட்டோடுதான் அந்நாட்டுத் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாக இயங்கிவருகின்றன. தான் தருவதைவிடக் கூடுதல் பாதுகாப்பைத் தொழிலாளர்க்குத் தர உறுப்பு நாடுகளுக்கு ஒன்றியச் சட்டம் தடை விதிக்கவில்லை. எனவே ஒப்புதல் உரிமையை வழங்குவதா என்ற முடிவு இனி அந்த உரிமை இல்லாத உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்கள் தனித்தனியாக எடுக்க வேண்டியது.