திருந்த வந்தோரும் திருத்த வந்தோரும்

மதுவினின்றும் பிற போதைப் பொருள்களினின்றும் விடுபட விழைவோர் சில வாரங்களோ சில திங்களோ தங்கி நலம் பெறும் இல்லங்கள் இன்று நம் நாட்டில் பெருகியுள்ளன. தேவையும் பெரிது. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் பொருட்டு அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. மதுவால் நலிவுற்று உதவி வேண்டி நிற்போர் மட்டும் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் என்று அது கூறுகிறது. கட்டடம் எழுப்பப் பொருள் தருவோர் நம்மிடையே உளர். அக்கட்டடத்தினுள் இரவும் பகலும் நின்று பணியாற்றப் போகிறவர்களை ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவள் ஆதலால் இவ்வினா என்னை விடாது பற்றுகிறது.

பயிற்சி என்றதும் நோயைப் பற்றிய அறிவே பலர்க்கும் நினைவில் எழும். அது கட்டாயம் வேண்டும். பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே உடல் நடுக்கமும், இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும் மனக்குழப்பமும் கண்டு உயிருக்கே ஊறு நேரலாம். இதனை அறியாத பணியாளர், "நடிக்கிறான், விடு" என்று கதவைச் சாத்திவிட்டுப் படுக்கச் சென்றால், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நேரம் கைநழுவிப் போகும். ஹெராயின் உட்கொண்டவர் நிலை வேறு. சில வாரம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்திருக்கும். வெளியே சென்று அதே அளவை மீண்டும் எடுத்தால் மூச்சு அடங்கிவிடலாம். இவற்றையெல்லாம் நல்ல மருத்துவர் ஒருவர் சில வாரங்களில் கற்பித்துவிடலாம்.

கற்பிக்க அரியது வேறொன்று. இத்தகைய இல்லத்தில் கதவின் சாவி பணியாளர் கையில் உள்ளது. உணவு நேரம், தொலைபேசி, மனைவி மக்களைக் காணும் நாள் ஆகிய அனைத்தும் அவர் சொற்படியே. எதிரில் இருப்பவரோ உறவினரிடம் பன்முறை பொய்யுரைத்து நம்பிக்கை இழந்தவர். அவர் முறையிட்டாலும் கேட்பாரில்லை. இவ்வாறு ஒருவர் மற்றொருவர் கையில் முற்றிலும் அகப்பட்டிருக்கையில், "அவன் நன்மைக்காகவே செய்கிறேன்" என்னும் சொல் மிக எளிதில் வாயில் வந்துவிடுகிறது. வகுப்பறையில் பிரம்பெடுத்த ஆசிரியர் எவரும் தம் சினம் தணிவதற்காக அடித்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மாணவன் நன்மைக்கென்றே சொன்னார்கள். அவர்களுள் பலர் அதனை உண்மையாகவே நம்பினார்கள்.

இந்நம்பிக்கை எதுவரை செல்லும் என்பதற்கு அமெரிக்க நாட்டுச் செய்தி ஒன்று உண்டு. சார்லஸ் டெடரிக் என்பவர் 1958இல் கலிபோர்னியாவில் சினனான் என்ற இல்லத்தைத் தொடங்கினார். தாமே குடியினின்று மீண்டவர். போதைக்கு அடிமையானோர் வட்டமாக அமர்ந்து ஒருவரையொருவர் கடுஞ்சொற்களால் கிழித்தெறிவதே அங்கு முதன்மையான சிகிச்சை. தொடக்கத்தில் வன்முறைக்கு அங்கே இடமில்லை. நாடே வியந்து பாராட்டியது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தலைவர் சொல்லே சட்டமாயிற்று, தலையை மழிக்கச் செய்தனர், அடியும் வந்தது. அந்நிறுவனத்தை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞர் ஒருவரின் அஞ்சல் பெட்டியில் 1978இல் நச்சுப் பாம்பு வைக்கப்பட்டது. கடியுண்ட அவர் உயிர் பிழைத்தார். 1991இல் சினனான் கலைந்தது. தாமும் அந்நோயில் உழன்று மீண்டவர் ஆதலின் பிறரை நடத்தத் தகுதியுடையவர் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். பட்டறிவு பெரிதும் துணை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதிகாரத்தைக் கையாளும் பயிற்சிக்கு அது ஈடாகாது.

கடுமை பயன் தருகிறதேனும் பொறுத்துக்கொள்ளலாம் என்பார் உளர். பயனும் இல்லை. அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் மில்லரும் அவர்தம் குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்துக் கடிந்து பேசினாரோ அவ்வளவுக்கு, ஓராண்டு கழித்து நோக்குகையில், அவரிடம் வந்தவர் மிகுதியாகக் குடித்தமை தெரிய வந்தது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுவாலும் போதைப் பொருளாலும் விளையும் மனநிலைக் கேடுகளையும் தன் எல்லைக்குள் கொண்டது. சங்கிலியால் பிணைத்தலை அது அறவே தடுக்கிறது. தண்டனையாகவோ, பணியாளர் போதவில்லை என்பதற்காகவோ ஒருவரைக் கட்டிவைத்தலும் கூடாது என்கிறது. சட்டம் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்ததே நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

இனி மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். உள்ளே இருப்பவர் ஒருநாள் மறைவாகக் குடித்துவிடுகிறார். பல இல்லங்களில் விதி தெளிவு: அன்றே வெளியேற்றம். மற்றவரைக் காக்க இது வேண்டும் என்பர். இவ்வாதத்தைத் தள்ளிவிட முடியாது; உள்ளேயே போதைப்பொருள் விற்பவனைப் பிறரோடு தங்கவிடுதல் தகாது. ஆனால் விற்றவனும் வழுக்கி விழுந்தவனும் ஒருவரல்லர். எந்த நோய்க்காகச் சேர்த்துக் கொண்டோமோ அந்நோயின் குறி தோன்றியதும் நோயாளியைத் தெருவில் விடுதல் எவ்வகை மருத்துவம்? மேலே சொன்ன ஹெராயின் செய்தியை நினைவுகூர்க. தனியே வாயிலைத் தாண்டும் அந்நாளே அவருக்குச் சாவு நாளாகலாம். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் வழுவியவரை நிலைநிறுத்துதலாகிய ஸ்திதிகரணத்தையும் வைத்தவர்கள் நம் முன்னோர். நம்மவர் நடத்தும் இல்லத்திலேனும் இவ்விதி இருத்தலாகாது. பிறரினின்று பிரித்து வைக்கலாம், மருத்துவமனைக்கு மாற்றலாம், உறவினரை வரவழைத்து ஒப்படைக்கலாம். தனியே அனுப்புதல் மட்டும் கூடாது.

பயிற்சிக்கு நம் ஊரிலேயே வழி உண்டு. கணவரை மதுவுக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் பவுண்டேஷன், நோயாளியோடு குடும்பத்தாரையும் அமர்த்திக் கற்பிக்கும் முறையை வளர்த்தது. பிற இல்லங்களின் பணியாளர்க்குப் பயிற்சியும் அளித்து வந்துள்ளது. நான் இதனோடு ஒன்று சேர்ப்பேன். ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதினால் மட்டும் போதாது. மூத்தவர் பின்வரிசையில் அமர்ந்து நோக்க, வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். அதுபோல் இங்கும் புதியவர், முகத்துக்கு நேரே வசை கேட்டுக் குரலுயர்த்தாது நிற்பதை ஒருவர் நோக்க, பலமுறை பழக வேண்டும். அன்றன்று தமக்கு யார்மீது சினம் வந்தது, என்ன செய்தார் என்பதை மூத்தவரிடம் நாணாது சொல்லும் அரைமணி நேரம் பணி நேரத்துக்குள்ளேயே அமைய வேண்டும்.

இப்பயிற்சிகளுக்கு அனுப்பப்படுவோர் பெரும்பாலும் ஆலோசகர்களே. நள்ளிரவில் நடுங்கும் கையோடு ஒருவர் கதவைத் தட்டும்போது ஆலோசகர் வீட்டில் உறங்குவார். அங்கிருப்பவர் இரவுக் காவலாளி. விடியற்காலையில் முதலில் முகம் காட்டுபவர் சமையற்காரர். ஊதியம் குறைந்தவர்களும் இவர்களே. அடிக்கடி வேலையை விட்டுப் போகிறவர்களும் இவர்களே. இத்தகைய இல்லத்துக்கு நன்கொடை அளிக்க எண்ணும் அன்பர்கள், புதுக் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்க்கும் முன்னர், இரவில் சாவி வைத்திருப்பவர் யார், அவருக்கு யார் என்ன கற்பித்தார், மாதம் என்ன தருகிறார்கள் என்று கேட்டறிய வேண்டுகிறேன்.