ஒப்பனையும் உண்மையும்

ஒரு சனிக்கிழமை காலை, வவுனியா பஸ்ஸுக்காகப் புளியங்குளம் சந்தியில் நின்றுகொண்டிருந்தேன். நெடுங்கேணி வீதியால் வந்து இறங்கிய பெண்ணொருத்தி என்னை அடையாளங்கண்டு அருகே வந்தாள். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் சாதாரணதர வகுப்பிலே என்னிடம் தமிழ் படித்தவள். இப்பொழுது வவுனியாவில் ஒரு புடைவைக்கடையில் வேலை. சுகம் விசாரித்து முடிந்த பின்னரும் அவள் விலகிப் போகவில்லை. கைப்பையின் பட்டியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"கோவிக்காதையுங்கோ ரீச்சர், ஒண்டு கேக்கட்டோ? பூசினது தெரியக்கூடாது; என்ர நிறத்துக்குப் பொருந்தவும் வேணும். அப்பிடி என்னத்தைப் பூசலாம்?"

கடை முதலாளியின் கட்டளையாம். விற்பனைக்கு நிற்கும் பெண்பிள்ளைகளின் முகம் பளிச்சென்று இருத்தல் வேண்டும். ஆயினும் கூத்தாடியைப் போலப் பூசிக்கொண்டும் வரலாகாது. 'இயல்பாக' இருக்க வேண்டும்.

இத்தகைய கேள்விக்கு ஆசிரியர்களாகிய எம்மிடம் ஆயத்தமான விடை ஒன்று எப்பொழுதும் உண்டு. அழகு முகத்தில் இல்லை, அகத்தில் இருக்கின்றது என்போம்; வள்ளுவரையோ பாரதியையோ துணைக்கு அழைப்போம்; நிம்மதியாக பஸ் ஏறிவிடுவோம். வேறொரு பெண் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

அவள் படித்த ஆண்டில் வகுப்புக் குழுப்படம் எடுக்க ஏற்பாடாகியிருந்தது. படப்பிடிப்பாளர் வேப்பமரத்தடியில் வாங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இவள் வந்தாள், முகம் முழுவதும் வெள்ளைப் பவுடர். கழுத்தும் காதும் கைகளும் தம் கரிய நிறத்தில் இருக்க, முகம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. பையன்கள் சிரித்தார்கள். "உழுத்தம்மாப் பானைக்குள்ளை விழுந்திட்டாள்" என்றான் ஒருவன். அவனைக் கண்டிக்க வேண்டிய நான், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா பிள்ளை" என்றேன். கழுவிக்கொண்டு வந்தாள். படத்திலே பின்வரிசையில், நனைந்த முகத்துடன், கமராவைப் பாராமல் நிற்கின்றாள். அப்படம் என் அலுமாரியில் இருக்கின்றது.

நான் சொன்னது பொய்யன்று. அந்தப் பவுடர் அவளுக்குப் பொருந்தவில்லை என்பது கண்ணுள்ள எவருக்கும் தெரியும். ஆயின் அந்தப் பொய்முகத்தை அவளுக்குக் கொடுத்தவர் எவர் என்ற கேள்வி அன்று எனக்கு எழவில்லை. கறுவல் என்று பட்டம் சூட்டிய வகுப்புத் தோழர்களா? "வெயிலுக்குள்ளை திரியாதை, இன்னும் கறுத்துப் போவாய்" என்று சொல்லிக்கொண்டே கச்சான் தோட்டத்துக்குக் களை பிடுங்க அனுப்பிய வீட்டாரா? 'சிவலை', 'பொது நிறம்' என்று பெண்ணைத் தரம் பிரித்து, நிறம் ஒரு படி இறங்கச் சீதனத்தை ஒரு படி ஏற்றும் கலியாணத் தரகரா? பரிசளிப்பு விழாவில் விருந்தினருக்கு மாலை போடச் சிவந்த பிள்ளைகளாகத் தேடிப் பிடிக்கும் ஆசிரியர்களாகிய நாமா? நாமெல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யை அவள் முகத்தில் எழுதினோம். அது பொய்யென்று வெளியே தெரிந்தவுடன், பழியை அவளிடமே விட்டுவிட்டுச் சிரித்தோம்.

இதனை நண்பரொருவரிடம் கூறினேன். முற்போக்கான கருத்துடையவர், நிறைய வாசிப்பவர். "பால்மா விலையைப் பற்றிப் பேச வேண்டிய காலத்தில் பவுடரைப் பற்றிப் பேசுகிறீர்கள், இதெல்லாம் பூர்ஷ்வா அலங்காரப் பிரச்சினை" என்றார். பால்மா விலை குறித்து எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதே நண்பர் தம் தம்பிக்குப் பெண் பார்த்த காலத்தில், "பிள்ளை நல்ல பிள்ளைதான், நிறம்தான் கொஞ்சம்..." என்று இழுத்ததை நான் மறக்கவில்லை. அலங்காரத்தை இகழ்வது, அலங்காரம் இல்லாமலே ஏற்றுக்கொள்ளப்படுபவர்களுக்கு எளிது. முகம் வெளிறாவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலையில் நிற்பவளுக்கு அது கூலிப் பிரச்சினை.

அந்தக் கூலியைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. நாள்தோறும் முகத்துக்குச் செலவாகும் அரைமணி நேரம் வேலைநேரத்தில் சேராது. பூச்சுக்கு ஆகும் பணம் சம்பளத்தில் சேராது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உழைப்பு உழைப்பாகத் தோன்றவும் கூடாது. அவள் இப்படியே பிறந்தவள் போலத் தோன்ற வேண்டும். கூத்தன் அரிதாரம் பூசுகின்றான், பூசியிருப்பதை மறைப்பதில்லை. இராசாவாக வருபவன் விடிந்தால் வயலுக்குப் போவான் என்பது களரியைச் சுற்றியிருக்கும் அனைவருக்கும் தெரியும், ஒருவரும் ஏமாறுவதில்லை. அன்றாட 'இயல்பான' ஒப்பனையோ தான் இல்லையென்று சாதிக்கும் ஒப்பனை. அப்படியாயின் இதுதான் பெரிய பொய் என்று கூறிவிடலாமா?

நானும் சில காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இப்பொழுது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தலைமயிருக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொள்ளுகின்றோம். சட்டையை மினுக்கி உடுத்துகின்றோம். இவற்றை எவரும் பொய்யென்று சொல்வதில்லை. உடம்பை அப்படியே விடுவதுதான் உண்மை என்றால் மனித நாகரிகம் முழுவதும் பொய்யாகிவிடும். பூசுவதா, பூசாது விடுவதா என்பதை விட்டு, அப்பூச்சு எந்த முகத்தை அளவாகக் கொண்டது என்று கேட்பதே பயன் தரும்.

எமது மொழியிலேயே இதற்கு ஒரு வழி கிடக்கின்றது. ஒப்பனை என்ற சொல் 'ஒப்பு' என்பதன் அடியாகப் பிறந்தது. உவமை என்பதும் அதற்கு ஒரு பொருள். அலங்காரம் என்பது மற்றொன்று. உவமையென்றால் உவமானம் ஒன்று இருத்தல் வேண்டும். அப்படியானால் எதற்கு ஒப்ப? வேறொருத்தியின் முகத்துக்கு ஒப்பத் தன் முகத்தை ஆக்குவதும் ஒப்பனைதான். தன் கழுத்துக்கும் கைக்கும் ஒப்பத் தன் முகத்தைச் சீராக்குவதும் ஒப்பனைதான். முன்னையதில் அவள் தன்னை மறுக்கின்றாள். பின்னையதில் தன்னை ஒப்புக்கொள்ளுகின்றாள். கடைத்தட்டில் இரண்டும் ஒரே விதமான போத்தலில் இருக்கின்றன என்பதுதான் குழப்பம்.

அளவாகக் கொள்ளப்படும் அந்த முகம் தானாக வந்ததன்று. அமெரிக்காவில் கிறயோலா என்னும் கம்பெனி பிள்ளைகளுக்குச் செய்த மெழுகு வர்ணக்குச்சிகளில், வெளிறிய இளஞ்சிவப்பு நிறமொன்று நெடுங்காலம் 'தசை நிறம்' என்ற பெயருடன் விற்பனையாயிற்று. கறுப்பு மக்களின் உரிமைப் போராட்டம் வலுத்திருந்த 1962ஆம் ஆண்டிலேதான் அது 'பீச்' என்னும் பழத்தின் பெயரைப் பெற்றது. கொடக் கம்பெனியின் வர்ணப் படங்களில் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்பட்ட அட்டையில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். அவள் முகம் நன்றாக விழுந்தால் படம் சரி. கரிய முகம் இருளுக்குள் மறைந்துபோனால் அது முகத்தின் குற்றம். இதனை ஆராய்ந்து 2009இல் எழுதிய லோர்ணா றோத் என்பவர் குறிப்பிடும் செய்தி ஒன்று சிந்திக்கத் தக்கது: கடும் நிறங்களை நன்றாகப் பிடிக்கும் வகையில் படச்சுருளைத் திருத்துமாறு கம்பெனியை அசைத்தவர்களில் முக்கியமானவர்கள், தம் பண்டங்களின் மண்ணிற வேறுபாடுகள் விளம்பரப் படத்தில் விழவில்லை என்று முறைப்பட்ட சொக்கிலேற் உற்பத்தியாளரும் மரத்தளபாட உற்பத்தியாளருமாவர். மனித முகம் செய்யாத காரியத்தை மேசையும் கதிரையும் செய்தன! இன்று பல கைப்பேசிக் கமராக்கள் நாம் கேளாமலே முகத்தை வெளிறச்செய்து தருகின்றன.

இவையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய் என்று சொல்லித் தப்பிக்கொள்ள விரும்புவோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு உதவக்கூடிய சான்றும் உண்டு. சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனியழகுக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் என்பர். கருமை என்று கொள்வோரும் உளர். எவ்வாறாயினும் அது வெள்ளையன்று. தலைவன் பிரிந்தால் அந்த மாமை கெட்டு மேனியில் பசலை படர்கின்றது. அதன் வெளிறிய மஞ்சளுக்குப் பீர்க்கம்பூவை உவமை கூறினர். அதாவது, நிறம் வெளிறுவது அக்கவிகளுக்கு நோயின் அடையாளம், அழகு தொலைந்ததன் அடையாளம். வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போதெல்லாம் பின்வாங்கில் இருக்கும் ஓரிரு பெண்பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பதை நான் கண்டிருக்கின்றேன்.

ஆயினும் பழம்பெருமையைக் கொண்டு இன்றைய சிறுமையை மூடலாகாது. நிலமுடையவன் நிழலில் இருந்தான். உழுதவனும் நாற்று நட்டவளும் வெயிலில் நின்றனர். வெயில் தொடாத மேனி உழைக்கத் தேவையில்லாத மேனி. அந்நியன் வருமுன்னரே வர்க்கமும் சாதியும் தோலின்மேல் தம் கையெழுத்தை இட்டுவிட்டன. அந்நியன் அதற்குச் சட்டமும் பின்னர் சந்தையும் சேர்த்தான். உயிரியல் இதற்கு எவ்வித ஆதாரமும் தரவில்லை. நிறத்தைத் தரும் மெலனினை ஆக்கும் கலங்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அக்கலங்கள் எவ்வளவு மெலனினை, எவ்வகையாக ஆக்குகின்றன என்பதில்தான் வேறுபாடு. எமது வெயிலுக்கு அந்த மெலனின் ஒரு குடை.

அக்குடையைப் பறித்து விற்பதற்கு ஒரு கைத்தொழிலே இருக்கின்றது. 1975இல் இந்தியாவிலே சந்தைக்கு வந்த 'பெயார் அன்ட் லவ்லி' கிறீமை அறியாத தமிழ் வீடு அரிது. கறுத்த பெண்ணுக்கு வேலை இல்லை, மாப்பிள்ளை இல்லை. கிறீமைப் பூசி வெளுத்ததும் இரண்டும் கிடைத்தன என்பதே அதன் விளம்பரங்கள் நெடுங்காலம் சொல்லிவந்த கதை. 2020இல் ஜோர்ஜ் புளொயிட் கொலையுண்டதைத் தொடர்ந்து உலகெங்கும் எழுந்த கிளர்ச்சியின் பின்னர் அதன் பெயர் 'குளோ அன்ட் லவ்லி' ஆயிற்று. பெயரிலிருந்து வெண்மை போய் ஒளி வந்தது. வாங்குபவளின் அச்சம் பழையபடியே இருக்கின்றது.

அதனிலும் கொடியவை பெயர் விலாசம் இல்லாத டப்பிகள். அவற்றுட் சிலவற்றில் இரசம் கலந்திருக்கின்றது. மெலனினை ஆக்க உதவும் நொதியத்தை இரசம் முடக்குகின்றது. ஆகவே தோல் வெளிறத்தான் செய்யும். அதே இரசம் தோலினூடாக உள்ளே சென்று சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். 22 நாடுகளில் வாங்கிச் சோதிக்கப்பட்ட 338 கிறீம்களில் 34இல் இரசம் கண்டுபிடிக்கப்பட்டதாக, இரச ஒழிப்புக்காக உழைக்கும் சர்வதேச அமைப்புகளின் கூட்டணி அறிவித்தது. இரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் 2017இல் சேர்ந்தது. இரசம் சேர்ந்த அழகுசாதனங்களை 2025உடன் முற்றாக ஒழிப்பதென அவ்வுடன்படிக்கை நாடுகள் 2023இல் தீர்மானித்தன. தீர்மானம் ஜெனீவாவில் ஆயிற்று. டப்பி சந்திக் கடைக்கு வருகின்றது. எவர் செய்தது, என்னென்ன சேர்ந்தது என்று எழுதப்படாத எந்தக் கிறீமையும், ஒரு வாரத்தில் வெளுப்பாக்குவேன் என்று சொல்லும் எந்தக் கிறீமையும் தொடவேண்டாம் என்பதையே அவளுக்கு நான் முதலிற் சொன்னேன். "இரண்டு கிழமை பூசினனான் ரீச்சர்" என்றாள். பின்னர் எரிவு தாங்காமல் விட்டுவிட்டாளாம்.

பஸ்ஸில் இதையே பேசிக்கொண்டு வந்தோம். எனக்கும் இத்துறையில் பெரும் புலமை இல்லை. தெரிந்த அளவு சொன்னேன். பூச்சைப் புறங்கையில் தடவிப் பார்த்து வாங்கலாகாது. கைக்கும் முகத்துக்கும் நிறம் வேறு. தாடையோரத்தில் மூன்று கோடு இழுத்து, முகத்தோடும் கழுத்தோடும் சேர்ந்து எது மறைகின்றதோ அதுவே அவளுடையது. கடையின் மின்விளக்கை நம்பாமல் வெளியே பகல் வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். உடனே தீர்மானிக்கவும் கூடாது. வியர்வையும் எண்ணெயும் பட்டுச் சிறிது நேரத்தில் பல பூச்சுகள் நிறம் கடுக்கின்றன. ஒரே அளவு கறுத்த இருவரில் ஒருத்தியின் தோலடியில் மஞ்சட் சாயல் இருக்கும், மற்றவளுக்குச் செஞ்சாயல் இருக்கும். ஒருத்திக்குப் பொருந்துவது மற்றவளுக்குப் பொருந்தாது. அன்று அவள் முகம் சாம்பலாகத் தெரிந்ததற்கும் இரசாயனக் காரணம் உண்டு. வெறும் பவுடரில் உள்ள வெண்கல்மாவும், வெளிர்ப்பூச்சுகளில் மிகுதியாகச் சேரும் தைத்தேனியமீரொட்சைட்டு என்னும் வெண்பொடியும் கரிய தோலின்மேல் நீறுபோல நிற்கும். கரிய தோலுக்கான பூச்சில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய இரும்பொட்சைட்டுகள் கூடுதலாக இருத்தல் வேண்டும். எமது செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பதும் அந்த இரும்பொட்சைட்டுத்தான் என்றதும் அவள் சிரித்தாள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்பொழுதுதான்.

வவுனியாவில் முதலாவது கடையில் நான்கு நிறங்கள் இருந்தன. நான்கும் அவளிலும் வெளிர். இரண்டாவது கடையில் ஆறு; கடைசி நிறம் மட்டும் ஓரளவு கிட்ட வந்தது. வாசலுக்குக் கொண்டுபோய்த் தாடையில் தடவிப் பார்த்தோம். சற்று நின்று பார்த்தபோது அதுவும் சாம்பலாகத்தான் நின்றது. பார்படோசைச் சேர்ந்த பாடகி றிஹானா 2017இல் ஒரேயடியாக 40 நிறங்களில் முகப்பூச்சை வெளியிட்டபோது கடும் நிறங்கள் முதலில் விற்றுத் தீர்ந்தன என்று செய்திகள் வந்தன. முதலாளித்துவம் திருந்திவிட்டது என்று நான் சொல்லவில்லை; கைவிட்டிருந்த ஒரு சந்தையைக் கண்டுகொண்டது, அவ்வளவே. ஆனாலும் தன் நிறம் உலகில் இருக்கின்றது என்று ஒரு போத்தல் சொல்வது, அதனை ஒருநாளும் கேட்டிராத ஒருத்திக்குச் சிறிய காரியம் அன்று. அந்த 40இல் ஒன்றேனும் எமது பக்கத்துக்கு வந்ததை நான் கண்டதில்லை.

"கடுநிறம் எடுத்தால் போகாது அம்மா, ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்றார் கடைக்காரர்.

எங்களூரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வேண்டிய நிறத்தை ஒருவரும் கேட்பதில்லை! அவர் பொய் சொல்லவில்லை. கேட்பதென்றால் தன் நிறம் இதுதான் என்று நாலுபேர் முன்னிலையில் சொல்ல வேண்டுமே. நான் வாய் திறக்குமுன் அவள் கண்ணாடித் தட்டின்மேல் தன் கையை நீட்டி வைத்தாள்.

"நான் கேக்கிறன் அண்ணை. இந்த நிறத்திலை எடுத்துத் தாங்கோ."

அவர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கொப்பியை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். அன்று அவள் ஒரு மைக்குச்சி மட்டும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். இரண்டு மாதமாகிவிட்டது. வவுனியாவுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடையில் நானும் கேட்கின்றேன். கொழும்புக்குச் சொல்லியிருக்கிறதாம், இன்னும் வரவில்லை.