பார்க்க என்ன இருக்கிறது?

கிரனாடாவின் அல்ஹம்பிரா அரண்மனை, செகோவியாவின் ரோமானிய நீர்ப்பாலம், ஆவிலா நகரின் கோட்டை மதில். ஸ்பெயினின் பழைய சுற்றுலாச் சுவரொட்டிகளில் இவை திரும்பத் திரும்ப வரும். சர்வாதிகாரி பிரிமோ தெ ரிவேராவின் ஆட்சியில் 1928இல் தேசியச் சுற்றுலா வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டே செவில்லிலும் பார்சலோனாவிலும் பெரிய கண்காட்சிகள். வெளிநாட்டாரை வரவழைக்க நல்ல ஓவியர்களைப் பிடித்து வரைய வைத்தார்கள். தட்டையான நிறங்கள், மேகமில்லாத நீலம், கீழே ஊர்ப்பெயர் பெரிய எழுத்தில். அவ்வளவுதான்.

சென்னையில் புதிதாகத் திறக்கிற காபிக் கடைச் சுவர்களில் இப்போது இவற்றின் நகல்களைப் பார்க்கலாம். எனக்கும் பிடிக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்து ஒரு காபி முடியும்வரை பார்த்தால் ஒன்று உறுத்தும். அந்த ஊர்களில் யாரும் குடியிருப்பதாகவே தெரியாது. நீர்ப்பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் தெரு உண்டு, கடை உண்டு, சண்டை சச்சரவும் இருந்திருக்கும். படத்தில் ஓர் ஆள் தென்பட்டால்கூட, கட்டடம் எத்தனை உயரம் என்று காட்ட நிறுத்தியவர்போல இருப்பார். இதைவிடப் பெரிய வேடிக்கை 1938இல் நடந்தது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடியவில்லை. அதற்குள் பிராங்கோ தரப்பு, தான் பிடித்த வடபகுதிப் போர்க்களங்களைச் சுற்றிக் காட்ட வெளிநாட்டாருக்குப் பேருந்துப் பயணம் நடத்தியது. பிணம் அகற்றிய இடத்துக்கும் டிக்கெட் போடலாம் என்று தெரிந்துகொண்டவர்கள்!

நம் நாட்டு ரயில்வேயும் அதே காலத்தில் இதே வேலையைச் செய்தது. தாஜ்மகால், காசிப் படித்துறை, மதுரைக் கோபுரம் எல்லாம் சுவரொட்டியாயின. 1920களின் கடைசியில் விழுப்புரம்–திருச்சி கார்டு லைனும் வந்தது. மதுரைக் கோபுரத்தைப் படத்தில் பார்த்துவிட்டு வந்த துரைமார்களில் சிலராவது பரிக்கல், உளுந்தூர்ப்பேட்டை ஸ்டேஷன்களை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி போயிருப்பார்கள். இறங்க ஒரு காரணமும் இருந்திருக்காது. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. திருவிழாக் கடையில் ‘சீனரி’ வாங்கி வந்து, பனிமலையும் ஏரியும் மரவீடுமாக எந்தத் தேசத்தையோ கூடத்தில் ஒட்டி வைத்தோம். அந்த மரவீட்டுக்காரரும் நம் ஊர்ப் படம் எதையாவது ஒட்டியிருப்பார் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

“உங்க ஊர்ல பாக்கறதுக்கு என்னங்க இருக்கு?” என்று வெளியூர்க்காரர் கேட்டால், அதே உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த திருநாவலூர்ப் பக்கம் பெரும்பாலும் வருகிற பதில்: “ஒண்ணுமில்லீங்க, ஒரு கோயில் இருக்கு.” மாவட்டத்தில் வேறு எங்காவது என்றால் கல்வராயன் மலைக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே மேகம் அருவி இருக்கிறது, படம் எடுக்கலாம். அந்த ‘ஒண்ணுமில்லீங்க’வில் அடக்கம் கொஞ்சம், கூச்சம் நிறைய. ஊருக்கு மட்டுமா, தன் வேலைக்கும் வாழ்ந்த வாழ்க்கைக்கும்கூட இதே பதிலைச் சொல்லிப் பழகியவர்கள் உண்டு. படமாக எடுத்து நீட்ட முடியாததை ‘ஒன்றுமில்லை’ என்ற கணக்கில் எழுதிவிடுகிறோம். இதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். பக்தஜனேஸ்வரர் கோயிலில் தட்சிணாமூர்த்தி வழக்கம்போலக் கல்லால மரத்தடியில் உட்காராமல், காளையோடு நின்றுகொண்டிருக்கிறார். இதைப் படம் வரைந்துவிடலாம். ஆனால் சுந்தரர் தம் ஊரைப் பாடியபோது கோபுரத்தை வர்ணித்துக்கொண்டிருக்கவில்லை. தம்மை வளர்த்த நரசிங்க முனையரையரின் பெயரைப் பாட்டுக்குள் வைத்தார். ஊரைச் சிவனுக்கும் தமக்குமாகப் பங்கு போட்டுக்கொண்டார். ஊர்ப்பெயர்களையே அடுக்கிக்கொண்டு போகும் ‘திருநாட்டுத்தொகை’, ‘ஊர்த்தொகை’ என்ற பதிகங்களும் அவருடையவை. ஒரு காட்சியும் வரையாமல், பெயரைச் சொல்லியே அந்த ஊர்களுக்கெல்லாம் ஆட்களை நடக்க வைத்த பாட்டுகள் அவை.

பத்தாம் நூற்றாண்டில் இங்கே வந்தவர்கள் வேறு வகை. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன், வடக்கேயிருந்து இராட்டிரகூடர் வரக்கூடும் என்று இந்தத் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கியிருந்தான். நாவலூர்க் கோயிலைக் கற்றளியாக்கியது அந்தக் காலத்தில்தான். ஊருக்கே இராசாதித்தபுரம் என்று பெயர் வந்தது. அவன் படையில் சேர நாட்டார் இருந்தார்கள். வெள்ளங்குமரன் என்ற தளபதி, பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் 943இல் ஒரு கற்கோயில் எடுத்தான். இராசாதித்தனின் பரிவாரத்தார் நாவலூரில் நந்தா விளக்கு வைத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஒரு விளக்குக்கு வழக்கமாக 90 அல்லது 96 ஆடுகள். ‘சாவா மூவாப் பேராடு’ என்பார்கள். மந்தையை வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டுக்குப் பிறந்த குட்டி ஈடாகும். ஆகவே கணக்கில் மந்தை குறையாது.

அவர்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இல்லை. சண்டைக்கு வந்தவர்கள், ஊர்க்காரர்களுக்கு அவர்களால் தொல்லையும் இருந்திருக்கலாம். 949இல் தக்கோலத்தில் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மடிந்தான். அந்தக் களத்தில் அவனோடு விழுந்தவர்களில் நாவலூரில் விளக்கு வைத்தவர்கள் எத்தனை பேரோ. என்றாலும், தன் ஊரல்லாத ஓர் ஊரில் ஆட்டு மந்தையைக் கொடுத்து, தினமும் யாரோ ஒருவர் தன் பெயரால் நெய் ஊற்ற ஏற்பாடு செய்துவிட்டுப் போனவனை எனக்குப் பிடித்திருக்கிறது. பார்க்க என்ன இருக்கிறது என்று அவன் கேட்டிருக்கமாட்டான்.

இப்படிச் சொல்வதால் சுவரொட்டிக்கு நான் எதிரி இல்லை. நாளைக்கே சுற்றுலாத் துறை திருநாவலூரை நீல வானத்தோடு அச்சிட்டால் தடுக்க நான் யார்? கோயில் வாசலில் பூக் கட்டுகிற அம்மாவிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன்.

“நாலு பஸ்ஸு வந்தா நல்லதுதான சார்.”

“வந்து என்னத்தம்மா பாப்பாங்க?”

“எதையோ பாத்துட்டுப் போறாங்க. ஆளுக்கு ஒரு மொழம் வாங்குனா சரி.”