வெப்பம் எங்கே போகிறது?

மனிதன் வீடு கட்டத் தொடங்கியது மழைக்கு அஞ்சியா, வெயிலுக்கு அஞ்சியா என்பது முடிவு காணாத வழக்கு. நிழலை நாடும் உயிர்களுள் அவனும் ஒருவன் என்பதில் மட்டும் ஐயமில்லை. எனினும் மரத்தடியில் ஒதுங்கும் மாட்டுக்கு எழாத வினா ஒன்று மனிதனுக்கு எழ வேண்டும். நான் குளிர்ந்திருக்கும்பொருட்டு என்னைவிட்டு நீங்கிய வெப்பம் யாரைச் சென்று சேர்கிறது? இஃது அறிவியல் வினாவா, அறவியல் வினாவா என்று கேட்பீராயின், இரண்டுமே என்பேன்.

இதனை ஆராய்வதற்கு ஒரு வண்டியைச் சான்றாகக் கொள்வோம். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில், காரின் பின்னே இழுத்துச் செல்லும் வண்டிவீடுகளில் வாழ்வோர் உண்டு. மெல்லிய சுவர், தாழ்ந்த கூரை, நான்கு புறமும் வெயில். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது அங்கு இயல்பு. மின்கம்பி எட்டாத வெளியில் நிற்கும் வண்டிக்குக் கூரைமேல் பதித்த சூரியத் தகடுகளும், அவை ஊட்டும் மின்கலங்களுமே துணை.

அவ்வீட்டுக்காரரின் கணக்கு கடுமையானது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலம் ஒன்றில் ஏறக்குறைய 1,200 வாட்-மணி ஆற்றல் அடங்கும். கூரையில் பொருத்தும் குளிர்சாதனம் 1,300 வாட்டுக்குமேல் இழுப்பது. ஒரு மணி நேரம் முடியுமுன்னே மின்கலம் வெறுமையாகிவிடும். 30 வாட் விசிறியோ, அதே மின்கலத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் சுழன்ற பின்னும் எஞ்சியதைக்கொண்டு மேலும் சுழலும்.

ஆகவே அவர் வெப்பத்தை வெளியேற்றுவதைப் பற்றிப் பிறகுதான் நினைக்கிறார். உள்ளே விடாதிருப்பதையே முதலில் நினைக்கிறார். மாலை வெயில் பெரிய சன்னல்களில் விழாதவாறு வண்டியைத் திருப்பி நிறுத்துகிறார். கூரைக்கு வெண்பூச்சிடுகிறார். கண்ணாடிக்கு வெளியே மறைப்புக் கட்டுகிறார்; உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே நிற்கும் மறைப்பே சிறந்தது, ஏனெனில் கண்ணாடியைக் கடந்துவிட்ட வெயில் வீட்டுக்குள் வந்துவிட்ட விருந்தாளி. அடுப்பை வெளியில் மூட்டுகிறார். இரவில் சன்னலைத் திறந்து, கூரை விசிறியால் வெங்காற்றை மேல்வழியே உறிஞ்சி அகற்றுகிறார். நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் கருவியும் அவருக்கு உதவும். நம் நாட்டில் அது பயன்படாது. காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் இடத்தில் நீர் எளிதில் ஆவியாவதில்லை. நம் வியர்வை உலராமைக்கும் அதுவே காரணம்.

எதுவும் பலிக்காவிடில் வண்டியைப் பூட்டிக்கொண்டு, 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் ஏறிவிடலாம். மலையேறி வெயிலை வெல்வது நமக்கும் புதிய செய்தியன்று. ஆங்கிலேய அதிகாரிகள் கேமரன் மலைக்கும் பிரேசர் மலைக்கும் இளைப்பாறச் சென்றனர். கேமரன் மலைக்குத் தமிழரும் சென்றனர், தேயிலை பறிக்க.

இங்கேதான் நம் வினா கூர்மை அடைகிறது. வண்டிவீட்டுக்காரர் சிக்கனமாக வாழ்கிறார். அதனால் அவரை அறவோர் எனலாமா? மின்கலம் இடங்கொடுக்காமையால் வந்த அடக்கம் அது. நம் தோட்டப்புற லயத்து வீடுகளில், தகரக் கூரையின்கீழ், மாலையில் சில மணி நேரமே கிடைத்த ஜெனரேட்டர் மின்சாரத்தோடு வாழ்ந்த பால்மரத் தொழிலாளரின் எளிமையைப் புகழ்ந்து எழுதுவோர் இன்றும் உளர். அப்புகழ்ச்சி எனக்கு உவப்பானதன்று. வேறு வழியின்றிப் பட்ட வெக்கையை ஒழுக்கம் என்று போற்றுவது, அவ்வெக்கையில் அவர்களை வைத்திருந்தோரின் பொறுப்பை மறைத்துவிடும். ஒன்றைச் செய்ய இயன்றும் செய்யாதிருப்பவனைத்தான் அடக்கமுடையவன் எனல் பொருந்தும். வண்டிவீட்டுக்காரராவது அவ்வாழ்வைத் தாமே தேர்ந்தவராக இருக்கலாம். லயத்துக் குடும்பத்தை யார் கேட்டார்?

ஆயினும் இருவரிடமும் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. குளிர்ச்சிக்கு விலை உண்டென்பதையும், அதை எண்ணிப் பார்க்கலாம் என்பதையும் அவர்கள் அறிவர். சுவரிலுள்ள பொத்தானை அழுத்தும் நாம் அறியோம். 1902இல் வில்லிஸ் கேரியர் வகுத்த குளிர்சாதன அமைப்பு, புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் காகிதம் ஈரத்தால் விரிந்து வண்ணங்கள் பிசகாதிருக்கவே உருவானது. மனிதருக்கு அவ்வாய்ப்புப் பின்னரே வந்தது. அக்கருவி குளிரைப் படைப்பதில்லை. அறையின் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. ஒரு பங்கு மின்சாரம் உண்டு மூன்று பங்கு வெப்பத்தை அகற்றும் கருவி, வெளியே தள்ளுவது நான்கு பங்கு. உண்ட மின்சாரமும் வெப்பமாகிச் சேர்ந்துகொள்கிறது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துப் பெறப்படுவதால், மின்நிலையத்தில் எழும் வெப்பமும் புகையும் வேறு கணக்கு. வரிசை வீடுகளின் பின்சந்தில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு வீடும் தன் சூட்டை அடுத்த வீட்டின் சன்னலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

அப்படியாயின் குளிர்சாதனமே தீதா? அவ்வாறு கூறேன். நோயாளிக்கும் முதியோருக்கும் கைக்குழந்தைக்கும் அது உயிர் காக்கும் கருவி. வெக்கையில் சோர்ந்த மாணவன் இலக்கணம் கற்பான் என்று எதிர்பார்ப்பதும் கொடுமை. வரிசை தலைகீழாக இருப்பதே என் குறை. நிழலையும் காற்றோட்டத்தையும் மறந்து வீட்டைக் கட்டிவிட்டு, அம்மறதியின் சுமையைப் பின்சந்தில் இறக்கி வைக்கிறோம்.

எங்கள் பள்ளி ஆசிரியர் அறைக்குக் குளிர்சாதனம் பொருத்த வந்தவர்கள், வெளிப்பெட்டியை நடைபாதைச் சுவரில் மாட்ட அளவெடுத்தனர். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஓய்வுநேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்கு வரிசை நிற்கும் இடம் அது. பின்சுவரில் மாட்டச் சொன்னோம். செம்புக் குழாய் இன்னும் சில அடி நீளமாகத் தேவைப்பட்டது. விலையும் சற்றுக் கூடியது.