ஆகார நியமம்: இயற்கையா, விரதமா?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருமாலிருஞ்சோலை மலையினின்றும் புறப்பட்டு, கள்ளழகர் திருக்கோலத்துடன் வைகையை நோக்கி எழுந்தருளும் எம்பெருமானை ஸேவிக்கத் திரண்டு வரும் பாகவதர்களே! மெய்யன்பர்களே! மண்டூக மகரிஷிக்குச் சாபவிமோசனம் அளிக்கும் வைபவம் முற்காலத்தில் நம் பரவைக்கு அணித்தான தேனூரில் நடைபெற்றதென்றும், திருமலை நாயக்கர் காலத்தில் அது மதுரைக்கு மாற்றப்பெற்றதென்றும் பெரியோர் கூறுவர். ஆதலின் இவ்வூராருக்கு இது அயலூர் உற்சவமன்று. தம் வீட்டு உற்சவமே. விழா நாட்களில் இப்பக்கத்து இல்லங்கள் பலவற்றில் புலால் அடுப்பேறுவதில்லை. விழா நிறைவுற்றதும் பெரும்பாலோர் பழைய வழக்கத்திற்குத் திரும்பிவிடுகின்றனர்.

இதனைக் காணும் இளைஞர்கள் ஒரு வினா எழுப்புகின்றனர். "மனிதன் இயற்கையிலேயே மரக்கறி உண்ணப் பிறந்தவனா? இரண்டும் உண்ணப் பிறந்தவனா? இரண்டும் உண்ணப் பிறந்தவனென்றால் இந்த நியமம் எதற்கு?" என்கின்றனர். நியாயமான வினா. அதனை அதட்டி அடக்குதல் தகாது. ஆராய்ந்து விடை கூறுதலே முறை.

மேடைகளில் வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. மனிதனின் பல் தட்டையானது, குடல் நீண்டது, நகம் மெல்லியது. ஆதலின் அவன் பசுவைப் போன்ற சாக உணவினனே என்பர். மறுதரப்பினரோ கோரைப்பல்லைக் காட்டி, அவன் புலால் உண்பவனே என்பர். இவ்விரு வாதங்களும் நிலைபெறா. கொரில்லாக் குரங்கின் உணவு பெரும்பாலும் இலையும் தண்டும் கனியுமே. அதன் கோரைப்பற்களோ நம்முடையவற்றினும் மிகப் பெரியன. பசுவின் வயிறு நான்கு அறைகளை உடையது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் புல்லின் நாரைச் சிதைத்து உணவாக்கித் தருகின்றன. நமக்கு அத்தகைய வயிறு இல்லை. புல்லை மட்டும் உண்டு மனிதன் உயிர்வாழ இயலாது.

உடற்கூறு காட்டும் உண்மை இடைப்பட்டது. நம் உமிழ்நீரில் மாவுப்பொருளைச் சிதைக்கும் நொதி மிகுதியாக உள்ளது; இது தானியத்திற்கும் கிழங்கிற்கும் ஏற்ற அமைப்பு. 'சி' வைட்டமினை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள வல்லதன்று. கனியும் காயும் அதனைத் தந்தாக வேண்டும். பூனைக்கு அக்கவலை இல்லை. மறுபுறம், 'பி-12' என்னும் வைட்டமின் காய்கனிகளிலிருந்து நமக்குக் கிட்டுவதில்லை. பால், தயிர், முட்டை, புலால் ஆகியவற்றிலிருந்தே கிட்டுகின்றது. நமக்கு நெருங்கிய இனமான சிம்பன்சியும் ஊன் உண்பதை, ஆப்பிரிக்காவின் கோம்பே வனத்தில் ஜேன் குடால் அம்மையார் 1960-ஆம் ஆண்டில் நேரில் கண்டார். ஆகவே மனிதன் இருவகை உணவும் உண்ணவல்ல பிறவி என்பதே தெளிவு.

நம் நாட்டு வரலாறும் இதற்கே சான்று பகர்கின்றது. வைகைக் கரையிலுள்ள கீழடியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புகளுள் மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் ஆகியவற்றின் எலும்புகள் இருந்தன என்றும், சிலவற்றில் வெட்டுத் தடயங்கள் காணப்பட்டன என்றும் 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. சங்கப் புலவர்கள் ஊனும் கள்ளும் நிறைந்த விருந்துகளை மறைக்காமல் பாடியுள்ளனர். ஆயினும் அதே மதுரையைச் சூழ்ந்த மாங்குளம், ஆனைமலை முதலிய குன்றுகளில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொல்லாமை பூண்ட சமணத் துறவியர் கற்படுக்கைகளில் வாழ்ந்தனர். திருக்குறள் புலால் மறுத்தலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தது. ஒரே மண்ணில் ஊன் விருந்தும் இருந்தது. ஊன் துறந்த உள்ளமும் இருந்தது.

"அங்ஙனமாயின் நம் நியமத்திற்கு அடிப்படையே இல்லையே!" என்று கலங்குவார் உளர். அன்பர்களே, அடிப்படை இங்குத்தான் இருக்கின்றது. பசு புல்லைத் தின்பது விரதமாகுமா? புலி புல்லை உண்ணாதது பாவமாகுமா? வேறு வழி அறியாத உயிர்க்கு விரதமும் இல்லை, பாவமும் இல்லை. இரண்டும் உண்ணவல்லவன், பிறிதோர் உயிரின் துன்பத்தை எண்ணி ஒன்றை விடும்போதுதான் அது விரதமாகின்றது. மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயமும், ஊன் உண்ணும் விருப்பம் உயிர்களுக்கு இயல்பென்று ஒப்புக்கொண்டு, அதனின்றும் நீங்குதலே பெரும்பயன் தருவதென்று கூறுகின்றது. இயற்கையைப் பொய்யாகத் திரித்துக் கூறி நியமத்தைக் காப்பாற்ற வேண்டிய தேவை சாஸ்திரத்திற்கு இல்லை.

எம்பெருமானார் இதனை இன்னும் ஆழமாக விளக்கியருளினார். ஆகாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்பது சாந்தோக்ய உபநிஷத்தில் ஸநத்குமாரர் நாரதருக்கு அளித்த உபதேசம். ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியில், பக்திக்குரிய ஏழு ஸாதனங்களுள் முதலாவதான விவேகத்தை உரைக்குமிடத்து, உணவுக்கு மூன்று தோஷங்கள் நீங்க வேண்டும் என்கிறார். பொருளின் இயல்பால் வருவது ஜாதி தோஷம். உடையவனால் வருவது ஆச்ரய தோஷம். எச்சில், மயிர் முதலியன கலத்தலால் வருவது நிமித்த தோஷம். நாம் முதலாவதைப் பற்றியே ஓயாது பேசுகிறோம். அளவையில் ஏமாற்றியும், கூலியைக் குறைத்தும் ஈட்டிய பொருளால் வாங்கிய கறிகாயும் அரிசியும் எத்தகைய தளிகையாகும்? பரவைச் சந்தையில் வந்திறங்கும் கத்தரியும் பூசணியும் இயல்பால் தூயனவே. அவற்றை விளைவித்த உழவனுக்கு உரிய விலை கொடாதவன் இலையில் அவை தூயனவாக நிற்குமோ?

மரக்கறி உண்போர் நினைவிற்கொள்ள வேண்டியது மற்றொன்று. 2014-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் முற்றிலும் மரக்கறி உண்போர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. எஞ்சியோரை இகழ்வது வைஷ்ணவ லக்ஷணமாகுமா? கங்கைக் கரையில் குகன் தேனும் மீனும் கொணர்ந்து நின்றபோது, சக்கரவர்த்தித் திருமகன் முகம் சுளிக்கவில்லை. முறுவலித்து, அன்பினால் வந்தது எதுவும் தூயதே என்னும் கருத்துப்பட உரைத்து, தாம் உண்டதற்கு ஒப்பென ஏற்றருளினார் என்று கம்பநாட்டாழ்வார் காட்டுகின்றார். தம் தவவிரதத்தையும் அவர் விடவில்லை. குகனின் உள்ளத்தையும் புண்படுத்தவில்லை. இறுதியில் அவனைத் தம்பியாகவே கொண்டார்.

நம் அழகர் ஸந்நிதியிலும் இதனையே காண்கிறோம். உள்ளே பெருமாள் அரிசியும் உளுந்தும் நெய்யும் சேர்ந்த தோசையை அமுது செய்கின்றார். வாயிலிலே பதினெட்டாம்படிக் கருப்பன் காவல் நிற்கின்றான். நேர்ந்துகொண்ட குடும்பத்தார் அம்மலைச் சாரலில் கிடாய் விருந்து வைப்பதும் நெடுநாள் வழக்கம். இருசாராரும் ஒரே அழகரின் அடியாரே. 2003-ஆம் ஆண்டில், கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாகச் செயற்படுத்த அரசு முற்பட்டது. மக்களிடையே மனக்கசப்பு எழுந்தது. 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. கட்டளையால் கத்தியைப் பிடுங்கலாம். கருணையை ஊட்ட இயலாது. அது ஸத்ஸங்கத்தால் ஊறி வரவேண்டியது.

நியமம் பூண்போர் உடலைப் புறக்கணித்தலும் ஆகாது. அரிசியில் குறையும் சத்தினைப் பருப்பு நிரப்புகின்றது. பருப்பில் குறைவதை அரிசி நிரப்புகின்றது. பருப்பமுதும் கறியமுதும் தயிரும் சேர்ந்த நம் முன்னோர் தளிகை அறிவுடையது. பால், தயிரையும் விட்டவர்களும், முதியோரும், கருவுற்ற தாய்மாரும் 'பி-12' குறையாதபடி மருத்துவரிடம் கேட்டு நடத்தல் வேண்டும். எம்பெருமான் உறையும் கோயிலன்றோ இவ்வுடல்!

அன்பர்களே! இலையோ, பூவோ, கனியோ, நீரோ பக்தியுடன் அளித்தால் ஏற்பேன் என்றான் கீதாசார்யன். ஏழைக்கும் எட்டாத பொருள் எதனையும் அவன் கேட்கவில்லை. ஊன் உண்ணும் வழக்கமுடையோர் இவ்வுற்சவ நாட்களில் கைக்கொண்ட நியமத்தை ஏகாதசிக்கும், புரட்டாசி சனிக்கிழமைகளுக்கும் நீட்டிப் பார்க்கட்டும். மரக்கறி உண்போர் அதே நாட்களில் கடுஞ்சொல்லையும் பிறரை இகழ்தலையும் விட்டுப் பார்க்கட்டும். நாவுக்கு இரண்டு வேலை உண்டு. சுவைப்பது ஒன்று, பேசுவது மற்றொன்று. இரண்டிலும் நியமம் கைகூடினால், ஆற்றில் இறங்கும் அழகர் நம் உள்ளத்திலும் எழுந்தருள்வார் என்பதில் ஐயமில்லை.

அழகர் திருவடிகளே சரணம்.