ஆயிரம் பிறை கண்டவர்

எண்பதைக் கடந்தவரை ஆயிரம் பிறை கண்டவர் என்போம். கணக்கு சரிதான், ஆயிரம் பிறைக்கு ஏறத்தாழ 81 ஆண்டு வேண்டும். ஆனால் அவர் பார்த்த நிலாவை யார் எண்ணுகிறார்கள்? ஊரின் கணக்கு வேறு. எத்தனை கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை நின்றார், எத்தனை துக்க வீட்டில் யாரும் கேட்காமலே பந்தலுக்குச் சொல்லி அனுப்பினார் என்பதுதான் அது. வீட்டாருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கலும் உண்டு. ஊருக்கு ஓடிய மனிதர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட நாள் குறைவு. அந்தத் தாங்கல் கரைவது அவரை வழியனுப்பும் நாளில். வாசலில் முன்பின் தெரியாத முகங்கள் நிறைந்து, ஆளுக்கொரு முறை சொல்லி அழும்போது, தங்கள் வீடு எத்தனை பெரியது என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது.